தலைக்குள் எத்தனை சுண்டு?

எங்கள் ஊரான குறிஞ்சிப்பிட்டிக் கடைகளில் அரிசியைக் கிலோவில் நிறுத்துத் தந்தாலும், வீட்டில் உலைக்குப் போடுவது சுண்டால்தான். சுண்டில் அள்ளி வழித்தால் ஓர் அளவு. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வழித்தால் இன்னும் ஒரு பிடி கொள்ளும். சுண்டும் அதேதான், அரிசியும் அதேதான். மண்டையோட்டின் கொள்ளளவை அளக்கப் புறப்பட்ட 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் தடுமாறியதும் இந்த இடத்தில்தான்.

நம்பிக்கை: மண்டையோட்டில் தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம்.

தண்ணீர் நிற்காது. முண்ணாண் இறங்கும் பெரிய துளை, கண்குழிக்குள் திறக்கும் பிளவுகள், நரம்பும் இரத்தக் குழாயும் போகும் சின்னஞ்சிறு துவாரங்கள் என்று எங்கும் வழி. காய்ந்த எலும்பு நீரை உறிஞ்சவும் செய்யும். அதனால் துவாரங்களைப் பஞ்சால் அடைத்து, விதையைக் கொட்டி நிரப்பி, பிறகு அதை அளவுப் பாத்திரத்தில் ஊற்றிப் பார்த்தார்கள். லண்டனில் வில்லியம் ஃபிளவர் எடுத்தது கடுகு. பிலடெல்பியாவில் சாமுவேல் மோர்ட்டனும் விதையில்தான் தொடங்கினார். ஆனால் ஒரே மண்டையோட்டை மறுபடி அளந்தால் 4 கன அங்குலம், அதாவது சுமார் 65 மில்லிலீற்றர் வரை வித்தியாசம் வந்தது. விதை இலேசானது, ஒரே பருமனும் இல்லை. எவ்வளவு குலுக்கினோம், எவ்வளவு அழுத்தினோம் என்பதில் கணக்கு மாறிவிடும். அரைக்கால் அங்குல ஈயக்குண்டுக்கு மாறியபின் வித்தியாசம் ஒரு கன அங்குலத்துக்குள் அடங்கியது.

நம்பிக்கை: உயிரோடிருப்பவரின் தலைக்குள் எவ்வளவு இடமென்று அறிய வழியில்லை.

இருக்கிறது, நம் கிளினிக்கிலேயே. மிட்வைஃப் பிள்ளையின் புருவத்துக்கு மேலாக, பின்தலை புடைத்த இடத்தைச் சுற்றி நாடா பிடிக்கிறாரே, அது உள்ளே மூளை வளர்வதைக் காட்டும் அளவு. பிறக்கும்போது சுமார் 35 சென்ரிமீற்றர், ஒரு வயதில் சுமார் 46. "தலை பெரிசு, பேரன் டொக்டர்தான்" என்று உம்மம்மாமார் மகிழ்வதுண்டு. ஆனால் பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் இந்த அளவைக் காட்டும் கோடு திடீரென மேலேறினால் மூளையில் நீர் தேங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். தயவுசெய்து அந்த அளவைத் தவறவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு சீ.ரீ. ஸ்கேன் போதும். தலையை மெல்லிய துண்டங்களாகப் படமெடுத்து, ஒவ்வொன்றிலும் உட்பகுதியின் பரப்பை அத்துண்டத்தின் தடிப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். பெரும்பாலானோருக்கு 1100 முதல் 1700 மில்லிலீற்றருக்குள் வரும்.

நம்பிக்கை: பெரிய மண்டை, பெரிய அறிவு.

மனிதருக்குத் தீங்கு செய்த நம்பிக்கை இது. மோர்ட்டன் தன் ஈயக்குண்டுக் கணக்கை வைத்து இனங்களை மேல் கீழாக அடுக்கினார். அவர் தன்னையறியாமலே எண்களைத் தனக்குப் பிடித்த பக்கம் சாய்த்தார் என்று 1978இல் ஸ்டீவன் ஜே கூல்ட் எழுதினார். 2011இல் அந்த மண்டையோடுகளில் ஏறக்குறைய பாதியை மறுபடி அளந்தவர்களோ, குண்டுக் கணக்கு பெரும்பாலும் சரியென்றார்கள். சரியாக அளந்தவர்தான் தவறான முடிவுக்குப் போனார் என்பதே எனக்குக் கூடுதல் வேதனை. உடல் பருமனோடு மண்டையும் கூடிக் குறையும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் இலங்கைத் தீவிலும் இது நடந்தது. பாசல் நகரத்து பவுல், ஃபிரிட்ஸ் சரசின் என்ற இரு உறவினர்கள் 1880களில் இங்கு வந்து, ஆதிக்குடிகளான வேடுவரின் புதைகுழிகளைத் தோண்டி மண்டையோடுகளைக் கொண்டுபோனார்கள். அவை சிறியவை. சிறிய உடலுக்குச் சிறிய தலை என்று விடாமல், மனித குலத்தின் கீழ்ப்படியில் நிற்பவர்கள் வேடுவர் என்று ஐரோப்பாவில் எழுதினார்கள்.

பெரிய மண்டைக்குப் பெரிய அறிவு என்ற நம்பிக்கைக்குப் பதில் சொன்னவர் ஒரு பெண். லண்டனில் அலிஸ் லீ, தலையின் நீளம், அகலம், காதிலிருந்து உச்சிவரை உயரம் ஆகிய மூன்றையும் அளந்து, தோல் தடிப்புக்கென்று ஒவ்வொன்றிலும் 11 மில்லிமீற்றர் கழித்து, உயிருள்ளவரின் கொள்ளளவைக் கணிக்கும் சூத்திரத்தை 1901இல் வெளியிட்டார். இந்திய மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் அது புழங்குகிறது. அவர் கொள்ளளவைக் கணித்தவர்களில் பெட்ஃபோர்ட் கல்லூரி மாணவிகளும் இருந்தார்கள்; 1898இல் டப்ளினில் கூடிய 35 உடற்கூற்று நிபுணர்களும் இருந்தார்கள். சில மாணவிகளின் கொள்ளளவு சில பேராசிரியர்களுடையதைவிடப் பெரிது. பேராசிரியர்களுக்குள் எல்லோரிலும் சிறிய தலை, மண்டையோட்டியலில் பெயர்பெற்ற கோல்மனுக்கு. அவர் பாசல் பல்கலைக்கழகத்துக்காரர். எடின்பரோ பல்கலைக்கழகத்து வில்லியம் டேர்னரும் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்தார். லீயின் ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்களில் அவரும் ஒருவர். இன்றைய ஸ்கேன் ஆய்வுகளிலும் மூளைக் கனவளவுக்கும் நுண்ணறிவுச் சோதனைப் புள்ளிக்கும் உள்ள தொடர்பு சிறியதே; ஒருவரின் தலையைப் பார்த்து அவர் அறிவைச் சொல்ல அது உதவாது.

அதே எடின்பரோ பல்கலைக்கழகம் 2019 நவம்பரில் தன்னிடமிருந்த ஒன்பது வேடுவர் மண்டையோடுகளை வேடுவர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவின் கையில் திருப்பிக் கொடுத்தது.