காசில் ஏறிய கோயில்

மாணவர்களே, துக்காராம் மகராஜின் பல்லக்கு ஊர்வலம் ஆண்டுதோறும் நம் ஆகுர்டியில் தங்கிச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். தேகுவில் வாழ்ந்த அவ்வடியார் பெயரால் 2002ஆம் ஆண்டிலும், ஆளந்தியில் சமாதி கொண்ட ஞானேசுவரர் பெயரால் 1999ஆம் ஆண்டிலும் இந்திய அரசு நினைவு நாணயங்களை வெளியிட்டது. தமிழகத்தின் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் அச்சிறப்பு வாய்த்தது.

முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்த அக்கோயிலின் ஆயிரமாண்டு நிறைவையொட்டி, 2010 எனும் ஆண்டைத் தாங்கி இரு நாணயங்கள் உருவாயின. ஐந்து ரூபாய் நாணயம் கடைவீதியில் கைமாறியது. மற்றது ஆயிரம் ரூபாய். அம்மதிப்பில் இந்தியா அடித்த முதல் நாணயம் அதுவே. எடை 35 கிராம். ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. அதைக் கொடுத்து எவரும் அரிசி வாங்கார். சேகரிப்போருக்கென நாணயச்சாலை விற்கும் பொருள் அது. இதற்கு முன்னரே, 1954ஆம் ஆண்டின் ஆயிரம் ரூபாய்த் தாளிலும் இக்கோயிலின் படம் இருந்தது. 1978இல் அத்தாள் செல்லாததாயிற்று.

நினைவு நாணயத்தை உற்றுநோக்குக. கோயிலின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளது, தமிழில் இல்லை. சுவரெல்லாம் தமிழ்க் கல்வெட்டு நிறைந்த கோயிலுக்கு இது தகுமோ என நீங்கள் வினவலாம். நல்ல வினாவே. எனினும், விடை கூறுமுன் இராசராசன் அடித்த காசையும் காண்க. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அருகில் அவன் பெயர், அதுவும் நாகரி எழுத்தில்! அக்காசின் அமைப்பு கடல் கடந்து, பிற்காலச் சிங்கள மன்னர் காசுகளுக்கும் முன்மாதிரியாயிற்று. பல நாட்டார் கைபட வேண்டிய காசுக்கு ஓர் எழுத்து; ஊரார் படித்தறிய வேண்டிய சுவருக்கு வேறோர் எழுத்து என அவன் கருதினான் போலும். தானும் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த கொடைகளையும், தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்களையும் அச்சுவரில் தமிழில் பொறிக்கச் செய்தான்.

இக்கால நாணயங்களில் தமிழெழுத்து அறவே இல்லையென எண்ணற்க. அறிஞர் அண்ணா நூற்றாண்டையொட்டி 2009இல் வந்த ஐந்து ரூபாய் நாணயத்தில் அவர்தம் கையொப்பம் தமிழிலேயே உள்ளது. வீட்டில் சில்லறை எண்ணும்போது தேடிப் பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்: தமக்கை – அக்காள், தளிச்சேரி – கோயிலைச் சார்ந்த குடியிருப்பு, எண்ணற்க – எண்ண வேண்டா.

பயிற்சி: இராசராசன் காசுக்கும் கோயிற்சுவருக்கும் வெவ்வேறு எழுத்தைக் கொண்டதற்குப் பாடம் கூறும் காரணத்தை நீங்கள் ஏற்கின்றீர்களா? ஐந்து வரிகளில் எழுதுக.