பழைய ரயிலும் பேத்தியின் படிப்பும்

அன்புள்ள தம்பி,

நியூஜெர்சியில் உன் வீட்டுக்காரப் பெரியவர், கீழ்த்தளத்தில் சேர்த்து வைத்திருக்கும் லயனல் பொம்மை ரயில்கள் பேத்தியின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்புவதாக எழுதியிருந்தாய். அவர் நம்பட்டும். பொருளாதாரம் படிக்கிற நீயுமா 'பழசானால் விலை ஏறத்தானே செய்யும்?' என்று கேட்பது!

பழமைக்கு யாரும் பணம் தருவதில்லை. சின்ன வயதில் கடை வாசலில் நின்று ஏங்கியவன், கையில் காசு வந்ததும் அந்த ஏக்கத்துக்குத் தருகிறான். 1950களில் ஏங்கிய பையன்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. வாங்கிய காலம் போய் விற்கிற காலத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஏக்கத்தோடு அருமையும் சேர வேண்டும். 1957இல் லயனல் கம்பெனி சிறுமிகளுக்கென்றே ஒரு ரயில் விட்டது. இளஞ்சிவப்பு எஞ்சின், பின்னால் மஞ்சள், வெளிர்நீலம், ஊதா என மிட்டாய் நிறப் பெட்டிகள். சிறுமிகள் சீந்தவில்லை. அண்ணனிடம் இருந்த கறுப்பு எஞ்சின்தான் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. பிள்ளைகளின் ஆசையைப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்தால் இப்படித்தான். தேங்கிய எஞ்சின்களுக்குச் சில கடைக்காரர்கள் கறுப்புச் சாயம் பூசித் தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள். எல்லா ரயிலும் வைத்திருப்பவனுக்கு இல்லாத ஒன்றின்மேல்தானே கண்? இன்று அந்த இளஞ்சிவப்புக்குத்தான் அடிபிடி. இப்போது கறுப்பு எஞ்சினுக்கு இளஞ்சிவப்புப் பூசி ஏமாற்றுகிறார்கள்! ஏலப் பட்டியல்களைத் துப்பறியும் நாவல்போல நான் படிப்பது இதற்காகத்தான்: 'மூல வண்ணம்' என்று போட்டிருக்கிறதா, சாமர்த்தியமாக விட்டிருக்கிறார்களா?

பெரியவரிடம் இருப்பவை அநேகமாக ஏராளமாக விற்ற ரகங்கள். சான்றிதழோடு வந்த 'லிமிடெட் எடிஷன்' என்றால் இன்னும் மோசம். வாங்கியவர்கள் எல்லாருமே பிரிக்காமல் பத்திரப்படுத்தியிருப்பார்கள். அவர் அட்டைப்பெட்டிகளை எறிந்துவிட்டாரா, புதுப் பெயின்ட் அடித்தாரா என்று கேள். இரண்டுமே விலையைக் குறைக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை இருந்தால் சக்கரங்களைப் பார். துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் உப்பி, வெடித்து, உதிரும். அதற்கு மருந்தில்லை.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமே என்பார். பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க்கில் பொம்மை ரயில்களுக்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஆனால் தன்னிடம் ஏற்கெனவே இருப்பதையே எந்த அருங்காட்சியகம் கேட்டு வாங்கும்?

ஒவ்வொன்றின் எண், வாங்கிய விலை, பழுது பார்த்த விவரம் எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுது. அது இல்லாவிட்டால், மொத்தமாக அள்ள வரும் வியாபாரி சொல்லும் விலைக்கு அந்தப் பேத்தி தலையாட்ட வேண்டியதுதான்.