1.20-க்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

கேள்வி: டென்னிஸ் பந்தயத்தில் ஒருவருக்கு 1.20, எதிராளிக்கு 4.50 என்று போடுகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

பதில்: லண்டனில் ஒருவர் 1.20-காரர் மேல் 100 பவுண்டு கட்டுகிறார். அவர் ஜெயித்தால் கைக்கு வருவது 120. லாபம் வெறும் 20. தோற்றால் நூறும் போச்சு. அதே நூறை 4.50-காரர் மேல் கட்டி, அவர் ஜெயித்தால் 450 கிடைக்கும். இப்போது 1-ஐ அந்த எண்களால் வகுத்துப் பாருங்கள். முதலாமவரின் வாய்ப்பு 83.3 சதவீதம், மற்றவருக்கு 22.2. கூட்டினால் 105.5 வருகிறது! நூறுக்கு மேலே நிற்கும் அந்த ஐந்தரைதான் பந்தயக் கம்பெனியின் பங்கு.

டென்னிஸில் டிரா கிடையாது, இருவரில் ஒருவர்தானே என்று புதியவர்கள் துணிந்து இறங்குகிறார்கள். காயத்தால் ஆட்டக்காரர் பாதியில் விலகினால்? ஒரு செட் முடிந்தாலே பந்தயம் செல்லும் என்று சில கம்பெனிகள் சொல்லும். முழு ஆட்டமும் முடிய வேண்டும் என்று வேறு சில சொல்லும். 2007-ல் போலந்தின் சோபோட்டில் டென்னிஸ் ஆட்டக்காரர் டேவிடென்கோ மூன்றாவது செட்டில் விலகினார். பந்தயம் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருந்ததால் பெட்ஃபேர் என்ற பந்தய நிறுவனம் அத்தனையையும் ரத்து செய்தது. நீண்ட விசாரணைக்குப் பின் அவர்மீது குற்றமில்லை என்றானது.

இந்தியாவில் 2025-ல் வந்த சட்டம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. கணக்கைப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தம்பி.