மோட்டார் எஞ்சினும் தானே மாறும் கியர்ப்பெட்டியும்

இலக்கணம் பயிலும் மாணவர்க்கு எண்ணெயும் கரியும் படிந்த எஞ்சினோடு என்ன உறவு என்று நம் கல்லூரித் தோழர் சிலர் வினவக்கூடும். உறவு உண்டு. நிலைமொழியையும் வருமொழியையும் தனித்தனியே அறிந்தவன் புணர்ச்சி அறிந்தவன் ஆகான்; இரண்டும் கூடுமிடத்து நிகழும் திரிபே அவன் கற்க வேண்டுவது. மோட்டார் வண்டியிலும் எஞ்சின் ஒன்று, கியர்ப்பெட்டி ஒன்று. தம் வீட்டுக் கொட்டகையிலேயே வண்டியைத் திருத்தி அதன் ஆற்றலைக் கூட்ட முயல்வோர் பெரும்பாலும் பிழைபடுவது இவை கூடுமிடத்திலேயே. அவ்விடத்தைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். யாம் கைதேர்ந்த மெக்கானிக் அல்லேம். கைந்நூல்களைப் படித்தும் அறிந்தோரை வினவியும் தெளிந்தவற்றையே கூறுகின்றோம்.

அமெரிக்க நாட்டில் தம் வண்டியைத் தாமே திருத்துவது பலர்க்கு விருப்பமான பொழுதுபோக்கு. அந்நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1939ஆம் ஆண்டில் ஹைட்ராமாட்டிக் என்னும் தானே மாறும் கியர்ப்பெட்டியை வெளியிட்டனர். அவர்களே 1982ஆம் ஆண்டு வண்டிகளில் 700-ஆர்4 என்னும் நான்கு கியர்ப் பெட்டியை அமைத்தனர். செவ்ரோலெட்டின் 350 கன அங்குல வி8 எஞ்சினைக் கார்புரேட்டரோடு வைத்து, அதன் பின் இப்பெட்டியை இணைத்துப் பழைய வண்டிகளில் பொருத்துவோர் இன்றும் உளர். நான்காம் கியரில் எஞ்சின் மெல்லச் சுழலுமாதலின், நெடுஞ்சாலையில் பெட்ரோல் மிச்சமாகும். யாம் எடுத்துக்கொண்ட சான்று இவ்விணைப்பே.

எஞ்சினைத் திருத்துவதில் முதற்கண் கவனிக்க வேண்டுவது பொறி விழும் காலம். பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பிளக்கில் பொறி விழவேண்டும். பெட்ரோலாவி எரிந்து அழுத்தம் பெருகச் சிறிது பொழுது செல்லும் அன்றோ? சுழற்சி விரைய விரைய, பொறியும் முந்தவேண்டும். இதற்கென டிஸ்ட்ரிபியூட்டரினுள் சிறு எடைகளும் வில்சுருள்களும் உள. வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எடைகள் முற்றும் விரியுமாறு எஞ்சினை விரையவிட்டு, டைமிங் விளக்கைக் காட்டி நோக்கின், பழைய அமைப்புடைய 350 எஞ்சினுக்கு 34 முதல் 36 பாகை வரை முந்துதல் பொருந்தும். ஏற்றத்தில் தட்டல் ஒலி கேட்பின் இரண்டு பாகை பின்வாங்குக. அவ்வொலியைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டன் உடைந்துபோதலும் உண்டு. அடுத்து, கார்புரேட்டரின் கலவைத் திருகுகளை வெற்றிடமானியைப் பார்த்தவாறே திருகி, முள் மிக உயர நிற்குமிடத்தில் விடுக. இவை எளிய பணிகள், அரைநாளில் முடியும்.

கியர்ப்பெட்டி அத்துணை எளிதன்று. அதனுள் கியரை மாற்றுவது ஒரு போராட்டம் எனலாம். பெட்டியின் பின்தண்டோடு சுழலும் கவர்னர், வண்டியின் வேகத்திற்கேற்ப எண்ணெயழுத்தத்தைப் பெருக்கி, "மேல் கியருக்குச் செல்" என்று தள்ளுகிறது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அளவிற்கேற்பப் பெருகும் மற்றோர் அழுத்தம், "பொறு" என்று எதிர்த்து நிற்கிறது. முன்னது வெல்லும் கணத்தில் கியர் மாறும். மெல்ல மிதித்தால் விரைவில் மாறுவதும், அழுத்தி மிதித்தால் தாமதித்து மாறுவதும் இதனாலேயே.

மிதியின் அளவைக் கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்கு அறிவிப்பது ஒரு மெல்லிய கம்பி. இங்கேதான் இடர் தோன்றுகிறது. 1969ஆம் ஆண்டு வண்டிகளில் வந்த டர்போ ஹைட்ராமாட்டிக் 350 என்னும் மூன்று கியர்ப் பெட்டியிலும் ஒரு கம்பி உண்டு. அது முழு மிதியில் கீழ் கியருக்கு இறக்குவதற்கு மட்டும் பயன்படுவது. அப்பெட்டியில் எஞ்சினின் சுமையை அறிந்து அழுத்தத்தைச் சீர்செய்வது வேறொரு வெற்றிடக் கருவி. 700-ஆர்4இல் வெற்றிடக் கருவி இல்லை. கியர் மாறும் காலத்தையும், கிளட்ச்சுத் தட்டுகளை இறுகப் பிடிக்கும் எண்ணெயழுத்தத்தையும் ஒரே கம்பியே ஆள்கின்றது. பழைய பெட்டியில் பழகியவர், இதுவும் அத்தகையதே என்று கருதிக் கம்பியைச் சற்றே தளர்த்திவிடுகின்றனர். வண்டியோ இனிமையாக ஓடுகிறது! கியர் மெத்தென்று, விரைவாக மாறுகிறது. அவ்வினிமையே வஞ்சகம். அழுத்தம் குறைந்தமையால் தட்டுகள் பற்றாமல் வழுக்குகின்றன. வழுக்குவதனாற் சூடேறி எரிகின்றன. மூன்றாம் நான்காம் கியருக்குரிய தட்டுகளே முதலில் அழிவன. எஞ்சினை வலிமைப்படுத்திய பின் இதனைச் செய்வோர், கூட்டிய வலிமை முழுவதையும் தளர்ந்த பிடியின்மேல் ஏற்றுகின்றனர்.

கார்புரேட்டரை மாற்றுவோர்க்கும் இவ்விடர் உண்டு. ஹாலி கார்புரேட்டரின் நெம்புகோல் பழையதினின்று வேறு வடிவினது. அதில் கம்பியை நேரே மாட்டினால் மிதிக்கும் இழுப்பிற்கும் பொருத்தம் இராது. இதற்கென்றே விற்கும் திருத்துதுண்டை இடையிற் பொருத்துதல் வேண்டும். பின்பு, எஞ்சினை நிறுத்தி, கம்பியின் பூட்டை அமுக்கி, சறுக்குத்துண்டை நெம்புகோலினின்று அப்பால் முற்றும் தள்ளிப் பூட்டை விட்டு, திராட்டிலை முழுதும் திறந்தால், துண்டு பற்பற்றாக நகர்ந்து தானே சரியான இடத்தில் நிற்கும். இயன்றவர் அழுத்தமானியையும் மாட்டிப் பார்க்க. மெல்லச் சுழலும்போது சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 60 இராத்தல் காட்டும் முள், கம்பியை முழுதும் இழுக்கையில் இருமடங்கிற்கு மேல் ஏறவேண்டும்.

அப்படியாயின் கியர் மாறும் வேகத்தை விரும்பியவாறு அமைப்பது எங்ஙனம்? கவர்னரின் எடைகளையும் வில்சுருள்களையும் மாற்றுக, கம்பியைத் தொடாதீர். ஆனால் மாற்றுமுன் ஒரு கணக்குப் போடுதல் நன்று. இப்பெட்டியின் முதற்கியர் விகிதம் 3.06, இரண்டாவது 1.63. நிமிடத்திற்கு 5,000 சுற்றில் மாறினால் எஞ்சின் ஏறக்குறைய 2,660 சுற்றுக்கு வீழும். பழைய 350 பெட்டியில் விகிதங்கள் 2.52, 1.52 ஆதலின் 3,000 அளவிலேயே நிற்கும். ஆகவே, மிகுவேகத்தில் மட்டும் வலிமை தரும் கேம் தண்டை வாங்கிப் பொருத்துவோர் இரண்டாம் கியரில் ஏமாந்து போவர். இடைவேகத்தில் வலிமை தருவதே இப்பெட்டிக்கு இசைந்தது. பந்தயக்காரர் பேச்சைக் கேட்டுப் பணம் இழக்குமுன் இக்கணக்கை ஒரு துண்டுத்தாளிற் போடலாமே.

1993ஆம் ஆண்டு முதல் வந்த 4எல்60-ஈ பெட்டியில் இக்கம்பி இல்லை. கணினி, உள்ளேகும் காற்றின் அளவிலிருந்து எஞ்சினின் முறுக்குவிசையைக் கணித்து, அழுத்தத்தை வகுக்கிறது. வீட்டில் திருத்துவோர் கையில் இன்று மடிக்கணினி. எனினும் பிழை பழையதே: எரிகலவையைத் திருத்தும்பொருட்டுக் காற்றளவு அட்டவணையைக் குறைத்து எழுதினால், எஞ்சின் மெலிந்தது என்று கணினி நம்பி, பிடியைத் தளர்த்திவிடும். காற்றளவை உள்ளவாறு விட்டுக் கலவையை வேறிடத்தில் மாற்றுவதே முறை.

திருத்தம் முடிந்ததும் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்க. மெல்லிய மிதியில் கியர் வெகு முந்தி நழுவினாற்போல் மாறினால் கம்பி தளர்ந்தது. வெகு பிந்தி வெடுக்கென்று மாறினால் இறுகியது. திரும்பி வந்து, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் சூடாகச் சுழன்றுகொண்டிருக்கையில் அளவுகோலை உருவிப் பார்க்க. எண்ணெய் சிவந்து தெளிவாயிருப்பின் நன்று. பழுப்பேறிக் கருகல் நாற்றம் வீசுமாயின், கம்பியை இனித் திருத்திப் பயனில்லை. பெட்டியைக் கழற்றித் தட்டுகளை மாற்றவேண்டியதே.