இடுப்பில் போட்டால்தான் ஊசியா?

"கையில வேணாம் சிஸ்டர், இடுப்புலயே போட்டுடுங்க." ஊசி என்றதும் சட்டைக் கையை மடிக்காமல் வேட்டியைத் தளர்த்துகிறவர்கள் இன்றும் உண்டு. இடுப்பில் இறங்கினால்தான் மருந்து உடம்பில் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு 1980களிலேயே பொய்த்துவிட்டது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பிட்டத்தில் போட்டுக்கொண்ட பெரியவர்களுக்கு, கையில் போட்டுக்கொண்டவர்களைவிட எதிர்ப்புச் சக்தி குறைவாகவே உண்டானது. பிட்டத்தில் கொழுப்பு தடிமன். ஊசிமுனை தசையை எட்டாவிட்டால் மருந்து கொழுப்பிலேயே தங்கிவிடும். நாய்க்கடி ஊசியைத் தசையில் போடும்போது பெரியவர்களுக்கு மேற்கை, சிறு குழந்தைகளுக்குத் தொடை என்று வைத்திருப்பதும் இதனால்தான். (தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்னும் பயப்படுகிறவர்களுக்கு: ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தியை இந்தியா 2004-லேயே நிறுத்திவிட்டது.)

பிட்டத்தில் ஆபத்தும் இருக்கிறது. அதன் ஆழத்தில் சயாட்டிக் நரம்பு ஓடுகிறது. ஊசி அதைக் காயப்படுத்தினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். அங்கேதான் போட்டாக வேண்டுமென்றால் மேல்பக்க வெளிமூலைதான் இடம். நோயாளி குப்புறப் படுத்து, கால் பெருவிரல்களை உள்நோக்கித் திருப்பிக்கொண்டால் தசை தளரும். நின்றபடியே உடையை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கிக் காட்டினால் நர்ஸுக்கு இடம் பிடிபடாது, குத்துமதிப்பாகத்தான் குத்துவார். கூச்சம் நியாயமானதே. அதனால் ஊசி அறையில் ஒரு திரைச்சீலையும் மருத்துவக் கருவிதான்.

ஸ்பிரிட் ஈரம் காய்வதற்குள் குத்தினால் வலிக்காது என்பதும் தலைகீழ். ஈரமான ஸ்பிரிட் உள்ளே போனால்தான் எரியும். 60 முதல் 70 சதவீத ஆல்கஹாலால் 30 விநாடி துடைத்து, தானாக உலர விட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஞ்சை முன்கூட்டியே ஊறவைத்த டப்பாவையும் அது வேண்டாம் என்கிறது. கை பட்டுப் பட்டு அதில் கிருமி சேரும்.

"ஊசிமுனையை மாத்தியாச்சு, சிரிஞ்சு அதேதான், பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். சிரிஞ்சுக்குள்ளும் ரத்தம் ஏறும். 2009-ல் குஜராத்தின் மோடாசாவில் பல உயிர்களைக் குடித்த ஹெபடைடிஸ் பி பரவலுக்கு, ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை இன்னொருவருக்கும் பயன்படுத்தியதே காரணமாகச் சொல்லப்பட்டது. உறையைக் கண்முன்னே பிரிக்கச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

வெறும் வயிற்றில் ஊசி கூடாது என்பது பெரும்பாலான தசை ஊசிகளுக்குப் பொருந்தாது. ஊசியைக் கண்டாலே மயங்குகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வதும், போட்டபின் 15 நிமிடம் எழாமல் இருப்பதும் அதைவிட முக்கியம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் ஊசியையே தவிர்க்கலாம். போட்டால் மெல்லிய ஊசிதான். பிறகு இரண்டு நிமிடமாவது பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.