ஆவரசம்பூத் தேத்தண்ணி: கொழும்பு வீட்டுக்குச் சில குறிப்புகள்

1. கடையில் ஆவரசம்பூ என்று கேட்டு விளங்காவிட்டால், சிங்களத்தில் 'ரணவரா' என்று கேளுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மருந்துச் சரக்குக் கடைகளில் இருக்கும். கூடுதலாக வேண்டுமென்றால் புறக்கோட்டை கேபோஸ் லேன். மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை என்று வரண்ட பக்கத்தில் தானாய் வளரும் செடி இது. அங்கே சொந்தக்காரர் இருந்தால், காயவைத்து ஒரு பார்சல் போடச் சொல்வதே மேல்.

2. பூவில் மஞ்சள் தெரியவேண்டும். கபில நிறமாகி நொறுங்கிக் கிடந்தால் பழசு. காம்பும் காயும் கலந்திருந்தால் நிறைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

3. ஆவாரை வேறு, நிலாவாரை வேறு. பின்னது பேதிக்குக் கொடுக்கிற இலை. பெயரை மாறி விளங்கிக்கொண்ட ஒரு கடைக்காரர் அதைக் கட்டித் தந்துவிட்டார். நானும் சரையைப் பிரித்துப் பாராமல் அப்படியே கொதிக்கவைத்து நாலு பேருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் ஃபிளாட்டில் கக்கூஸ் ஒன்றுதான். சரையில் வெறும் இலையாக இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. இரண்டு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பூ. ஐந்து நிமிடம் கொதித்து, தண்ணீர் பொன்னிறமானதும் வடித்துவிடுங்கள். பால் சேர்ப்பதில்லை. கித்துள் கருப்பட்டியை உள்ளே போடாமல், ஒரு துண்டைக் கடித்துக் கடித்துக் குடிப்பதுதான் ருசி. ஆனால் சீனி வருத்தக்காரருக்குக் கருப்பட்டியும் சீனிதான். "கருப்பட்டி ஒண்டும் செய்யாது" என்று சொல்லாத வீடு இல்லை; நம்பாதீர்கள்.

5. வெயில் நாளில் தாகத்துக்கும் உடற்சூட்டுக்கும் சலக்கடுப்புக்கும் குடிப்பது பழைய வழக்கம். கடுப்போடு காய்ச்சலும் வந்தால், அல்லது சலத்தில் இரத்தம் கண்டால், தேத்தண்ணியை வைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள்.

6. நீரிழிவுக்கு இதைக் குடிப்பவர்கள் ஏராளம். அதற்காகக் குளிசையை நிறுத்தவேண்டாம். இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கவும் கூடும். இதைக் குடிப்பதைக் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். வலிப்புக்குக் கார்பமசபின் எடுப்பவர்கள் இன்னும் கவனம். 2004இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில், ஆவரசம்பூத் தேத்தண்ணியோடு அந்த மருந்தைக் கொடுத்த எலிகளின் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறக்குறைய 47 வீதம் கூடியிருந்தது. பிள்ளைத்தாச்சிமாரும் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

7. காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இருக்கும் வீடுகளில் உப்பே நீர்விடும், பூ எம்மாத்திரம்? பழைய ஹோர்லிக்ஸ் போத்தலைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதில் போட்டு இறுக்கி மூடுங்கள். ஈரக் கரண்டி விடக்கூடாது. பூஞ்சணம் கண்டால் முழுவதையும் கொட்டிவிடவேண்டும். மேலே உள்ளதை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காய்ச்சுகிற சிக்கனம் வேண்டாம்.

8. போத்தலின் அடியில் தங்கும் தூளைப் பயற்றம்மாவோடு கலந்து, உடம்பில் பூசிக் குளிக்கலாம். வெள்ளைத் துவாயை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள்.