மட்டாஞ்சேரி மிளகும் கராச்சி துறைமுகமும்

கேரளத்தின் கொச்சி நகரில் மட்டாஞ்சேரி என்ற பகுதி உள்ளது. அதன் பழைய தெருக்களில் மிளகும் சுக்கும் மணக்கும். இது பெயர் பெற்ற மிளகுச் சந்தை.

இந்தச் சந்தையில் பல ஊர் வணிகர்கள் உண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வந்தவர்களும் உண்டு. கட்சுக்கு அடுத்த பகுதி சிந்து. அங்கேதான் கராச்சி துறைமுகம் இருக்கிறது. கொச்சியும் கராச்சியும் ஒரே அரபிக் கடலின் கரையில் உள்ளன.

1947-இல் நாடு பிரிந்தது. கராச்சி பாகிஸ்தானில் சேர்ந்தது. 1965-இல் போர் மூண்டது. வணிகம் நின்றது. அதை மீண்டும் தொடங்க 1974-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது.

1996-இல் இந்தியா பாகிஸ்தானுக்குச் சலுகை தந்தது. மற்ற நாடுகளுக்கு என்ன வரியோ, அதே வரிதான் பாகிஸ்தானுக்கும். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் தாக்குதல் நடந்தது. நமது வீரர்கள் 40 பேர் உயிரிழந்தனர். இந்தியா அந்தச் சலுகையை நீக்கியது. 200 சதவீதம் வரி போட்டது.

200 சதவீதம் என்றால் என்ன? 100 ரூபாய் பேரீச்சைக்கு 200 ரூபாய் வரி. மொத்தம் 300 ரூபாய். இந்த விலைக்கு யார் வாங்குவார்?

அதே ஆண்டு ஆகஸ்டில் பாகிஸ்தானும் வணிகத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். மே மாதம் பாகிஸ்தான் சரக்கு முழுவதையும் இந்தியா தடை செய்தது. வேறு நாடு வழியாகவும் அது வரக் கூடாது.

நேர்வழி அடைபட்டாலும் தேவை நிற்பதில்லை. இந்தியச் சரக்கு பல ஆண்டுகள் துபாய் சுற்றிப் பாகிஸ்தான் போனது. கூடுதல் கப்பல் கூலி, கிடங்கு வாடகை, தரகு எல்லாம் சேர்ந்தன. இந்தச் செலவு யார் தலையில் விழும்? வாங்குபவர் அதிக விலை கொடுப்பார். விளைவித்தவருக்குக் குறைந்த விலை கிடைக்கும். மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு வேலை குறையும்.

உலக வங்கி 2018-இல் ஒரு கணக்குச் சொன்னது. அப்போது இரு நாட்டு வணிகம் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர். தடைகள் நீங்கினால் அது 3,700 கோடி டாலர் வரை வளரக்கூடும்.

ஆனால் உயிருக்கு விலை உண்டா? குண்டு வெடிக்கும் இடத்தில் கடை நடக்காது. முதலில் அமைதி வேண்டும். வணிகம் நடந்தால் அமைதி வரும் என்பார் சிலர். அமைதி வந்தால்தான் வணிகம் என்பார் வேறு சிலர்.

சிந்தியுங்கள், பேசுங்கள்:

1. சுற்றுவழியில் சரக்குப் போனால் யாருக்கு லாபம்? யாருக்கு நட்டம்?

2. முதலில் வர வேண்டியது எது? அமைதியா, வணிகமா? ஏன்?